கழிக்க வேண்டிய அறுபத்திரண்டு

2011ஆம் ஆண்டு ஜூன் 6, திங்கட்கிழமை. கால்நடைப் பண்ணையின் எடைக்கொட்டகைக்கு எடையாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். வயது இருபத்தாறு. உயரம் ஐந்தடி ஆறங்குலம். எடை 62 கிலோ. அன்றைய தேதியில் பண்ணையில் பசுக்கள் 54, காளைகள் 3, கன்றுகள் 22. மரவேலி சூழ்ந்த இரும்பு மேடைத் தராசு ஒன்று. பிறந்த கன்றுகளை நிறுக்கத் தொட்டில் தராசு ஒன்று. முப்பது கிலோவுக்கு மேல் அது தாங்காது. இவ்வளவும் பதிவேட்டின் முதல் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

அதே வாரம் கொட்டகைக்கு வெள்ளையடிக்க வந்த பெயிண்டர், தராசு விதிகளைச் சுவரில் கறுப்புச் சாயத்தால் எழுதினார். நான்காம் விதி இது: "நிற்க இயலாத கன்றை எடையாளர் தூக்கிக்கொண்டு மேடை ஏறவும். வரும் மொத்தத்தில் எடையாளரின் எடையைக் கழிக்கவும் – 62." எண்ணை மட்டும் பெயிண்டர் கொஞ்சம் பெரிதாக எழுதிவிட்டார். பால் கறக்க வந்தவர்களும் புல் வெட்ட வந்தவர்களும் கண்ணில் முதலில் பட்டதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் எடையாளருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோயிற்று. பண்ணை முழுவதற்கும் அவர் "அறுபத்திரண்டு" ஆனார்.

அவருக்கு அதில் வருத்தமில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. தராசின் ஊசி ஆடி அடங்கிய பிறகும் மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் எழுதுவார். அடித்தல் திருத்தல் கிடையாது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை எல்லாக் கன்றுகளும் வரிசையாக வரும்; நடக்கத் தெரிந்தவை தாமாக மேடையேறும், காலில் அடிபட்டதோ காய்ச்சல் கண்டதோ அவர் கையில் ஏறும்.

கன்றுகளை வரிசையாக ஓட்டி வருபவள் கன்றுக்கொட்டகையைக் கவனித்துவந்த பெண். தன் கன்றுக்கு அரைக் கிலோ குறைந்தாலும் தராசோடு சண்டைக்கு நிற்பாள். "உங்க மிஷின் என் புள்ளைங்க மேல கண்ணு வைக்குது" என்பாள். இவர் முத்திரையிட்ட எடைக்கற்களை ஏற்றித் தராசு சரியென்று காட்டுவார். கற்கள் சரியாக இருந்தும் சண்டை நின்றபாடில்லை. ஒன்றரை ஆண்டு சண்டை 2013 பிப்ரவரியில் கல்யாணத்தில் முடிந்தது.

கன்று எந்தக் கையில் வளர்ந்ததோ அந்தக் கையிலேயே அவரும் வளர்ந்தார் என்று சொல்வதில் மிகையில்லை. தட்டில் மிச்சம் வைத்தால் மனைவிக்குப் பிடிக்காது. மிச்சம் வைக்கிற கன்று தேறாது என்பது அவள் தொழில் அனுபவம். அதைக் கணவன்மீதும் செலுத்தினாள். 2014இல் அவருடைய கால்சட்டைகளின் இடுப்புத் தையலைப் பிரித்து ஒரு விரற்கடை விட்டுத் தைத்தாள். 2016இல் மறுபடியும். 2019இல் பிரிக்கத் துணி மிச்சமில்லாததால் புதிதே வாங்கினார்கள். தீவன வண்டி ஓட்டும் அவள் தம்பி, "மாமா, கதவு சின்னதாயிடுச்சா இல்ல நீங்க பெருசாயிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். சுவரை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பன்னிரண்டு மாதமும் பிறர் எடையைப் பார்த்த மனிதருக்குத் தன் எடை தெரியவில்லை.

முதல் கன்று நோயில் விழுந்தது 2018இல். காதில் 131 என்ற எண்வில்லை மாட்டிய கன்று அது. மூன்று மாதம்வரை கயிற்றை அறுத்துக்கொண்டு துள்ளியது, நான்காம் மாதம் பின்னங்கால்கள் நடுங்கத் தொடங்கின. எழுந்தால் படுக்கும், படுத்தால் எழ யோசிக்கும். பால் புட்டியைக் கண்டால் மட்டும் கண்ணில் பழைய வெளிச்சம் வரும். கடைசி நாள்வரை குடித்தது. ஆறாம் மாதம் இரண்டு நாள் இருமிவிட்டு இறந்தது. அதே ஆண்டு இன்னொன்று, மறு ஆண்டு இரண்டு, 2020இல் ஒன்று. ஐந்தும் ஒரே மாதிரி.

"கன்னு உருகிப்போகுதுங்க" என்று மனைவி ஒவ்வொரு முறையும் சொன்னாள். தோலுக்குக் கீழே தசையே இல்லை, கையில் தட்டுப்படுகிறது என்றாள். இவர் பதிவேட்டைத் திறந்து பார்ப்பார். மூன்றாம் மாதம் நாற்பத்தைந்து, நான்காம் மாதம் ஐம்பத்து நான்கு. நல்ல கன்று மாதத்துக்கு எட்டு ஒன்பது கிலோ ஏறும்; இதுவும் ஏறியிருக்கிறது. அதற்கடுத்த மாதம் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.

"எடை குறையலையே" என்பார்.

அவள் புட்டியைக் கழுவப் போய்விடுவாள். தராசோடு சண்டை போட்ட பெண், கல்யாணத்துக்குப் பிறகு தராசுக்காரரோடு சண்டை போடவில்லை.

பண்ணை மேலாளர் கெட்டவர் அல்லர். எழுத்தில் இருப்பதை நம்புகிறவர். எடை இறங்காத கன்று திடீரென்று இருமிச் செத்தால் அதற்கு அவர் அறிந்த காரணம் ஒன்றுதான்: புட்டியை அவசரமாகத் திணித்ததால் பால் நுரையீரலில் ஏறியிருக்கிறது. ஆறாவது கன்றும் நடுங்கத் தொடங்கியபோது அவர் உத்தரவு தட்டச்சு செய்தார். வரும் மார்ச் 8, திங்கட்கிழமை முதல் கன்றுக்கொட்டகைப் பணியாளர் புல்வெட்டும் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். காரணம்: கன்றுகளுக்குப் பாலூட்டுவதில் கவனக்குறைவு. ஆதாரம்: எடைப் பதிவேடு, பக்கங்கள் 88 முதல் 131வரை.

தன் கையெழுத்து தன் மனைவிக்கு எதிராகச் சாட்சி சொல்லும் தாளை எடையாளர் இரண்டு முறை படித்தார். அவள் ஒரு முறைகூடப் படிக்கவில்லை. புல் வெட்டுவது ஒன்றும் பாவமில்லை, கை இருக்கிறது, வெட்டுவேன் என்றாள். பிறகு, அந்த ஆறாவது கன்றுக்கு வலது பக்கமாகச் சாய்த்துப் புட்டி கொடுத்தால்தான் புரையேறாமல் குடிக்கும், புதிதாக வருகிறவளுக்கு அதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றாள். பத்தாண்டுகளில் இருநூறு கன்றுகளுக்கு மேல் புட்டி பிடித்த கை. கன்றைக் கொன்ற கை என்ற பேச்சு பண்ணைக்குள் ஏற்கெனவே நடமாடத் தொடங்கியிருந்தது.

ஆறாவது கன்றின் எண் 190. நெற்றியில் வெள்ளை வட்டம் இருந்ததால் அவள் அதைப் பொட்டு என்று கூப்பிட்டாள்.

2021 மார்ச் 6, சனிக்கிழமை, மாத எடை நாள். அன்று காலை தீவன வண்டியிலிருந்து மூட்டை இறக்க ஆள் குறைந்தது. மைத்துனனுக்கு உதவியாக எடையாளர் ஐம்பது கிலோ மூட்டை ஒன்றைத் தோளில் வாங்கினார். பத்தடி வைப்பதற்குள் மூச்சு முட்டியது. "இறக்குங்க மாமா, அக்காவுக்கு யார் பதில் சொல்றது?" என்று மைத்துனன் பாதி வழியில் பிடுங்கிக்கொண்டான்.

பத்து மணிக்குப் பொட்டுவின் முறை வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார். ஊசி அடங்கியது, மூன்று எண்ணினார். 116. கழிக்க 62. ஐம்பத்து நான்கு. எழுதப் பேனாவை எடுத்தவர் எழுதவில்லை. கன்று இன்னும் இடது கையிலும் இடுப்பிலுமாகச் சாய்ந்திருந்தது. பேனா எடுக்க வலது கையை விட்டிருக்கிறார், மூச்சு வாங்கவில்லை. ஐம்பது கிலோ மூட்டை காலையில் முதுகை முறித்தது. ஐம்பத்து நான்கு கிலோ கன்றை இடுப்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். நெஞ்சுக்குள் ஏதோ ஓர் எண் இடறியது.

கன்றை மேடையில் படுக்கவைத்துப் பார்த்தார். அது பயந்து உதறியதில் ஊசி தாறுமாறாக ஆடியது. மனைவியை அழைத்து, மேடையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"என் எடை சுவத்துல இல்லையேங்க" என்றாள் அவள். "மொதல்ல என்னை மட்டும் போடுங்க."

அவள் மட்டும்: 48. பொட்டு அவள் மடியில் தலை வைத்ததும் அடங்கிப்போயிற்று. ஊசியும் அடங்கியது. 93.

கொட்டகையில் இருவருமே கணக்குத் தெரிந்தவர்கள்; யாரும் சத்தமாகக் கழிக்கவில்லை. நாற்பத்தைந்து. அதே கன்று, அதே தராசு, ஐந்து நிமிட இடைவெளி. ஒன்பது கிலோ எங்கே போயிற்று?

அவரோடு சேர்ந்து அவள் கன்றை இறக்கி வைக்கோல்மீது விட்டாள். சுவரைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். இடுப்புத் தையல்களைப் பிரித்துத் தைத்த கண்கள் அவை.

"இப்ப நீங்க மட்டும் ஏறுங்க" என்றாள்.

பத்து ஆண்டுகளில் முதல் முறையாக எடையாளர் வெறுங்கையோடு அந்தத் தராசில் ஏறினார். ஊசி அறுபத்திரண்டைத் தாண்டிப் போயிற்று. அவர் மூன்று எண்ணவில்லை, அவள்தான் எண்ணினாள். 71.

"ஒம்பது கிலோ" என்றாள் அவள். "பூராவும் நான் போட்ட சாப்பாடு."

சிரிக்கத்தான் தொடங்கினாள், முடிவில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் மேடையைவிட்டு இறங்காமல் வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூணு வருஷமா நீ சொன்ன. நான் ஊசியைத்தான் நம்புனேன்."

"ஊசி சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றாள். "கழிச்சதுதான் தப்பு. இறங்குங்க, அடுத்த கன்னு நிக்குது."

அடுத்த கன்றை அவர் நிறுக்கவில்லை. பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனார். வழியெல்லாம் அவருக்கு ஒரே யோசனை: இந்த நிமிடம் முதல் சரியான எண்ணைக் கழித்துக்கொண்டே போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை, பத்தாண்டுப் பெயரும் மிஞ்சும். ஆனால் திங்கட்கிழமை அவள் கையில் புல்லரிவாள் இருக்கும்.

மேலாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"திங்கக்கிழமை உங்க வீட்டுக்காரம்மாவுக்கு மாத்தல். சனிக்கிழமை நீங்க கணக்கை மாத்துறீங்க. என் இடத்துல நீங்க இருந்தா நம்புவீங்களா?"

தராசு பழுதோ என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது. கொட்டகைக்கே வந்து எடைக்கற்களை ஏற்றிப் பார்த்தார், சரியாக இருந்தது. அப்படியும் மனம் ஒப்பாமல் தாமே ஏறிப் பார்த்தார். அந்த எண்ணை யாரிடமும் சொல்லாமல் இறங்கினார். இன்றைக்கு எழுபத்தொன்று என்பது சரி, மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் எவ்வளவு என்று யார் கண்டது, அறுபத்திரண்டாகவே இருந்திருக்கலாமே என்றார்.

தையல் பிரித்த கதையைச் சொன்னால் சிரிப்பார்கள். தலை குனிந்து நின்ற எடையாளருக்குச் சட்டென்று ஜனவரி மாதங்கள் ஞாபகம் வந்தன. ஆண்டு தொடக்கத்தில் பணியாளர்கள் எல்லோரையும் முதலுதவி அறைக்குக் கூப்பிட்டு ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ஒரு சின்ன மிஷின்மேல் நிற்கவைத்து, என்னவென்று சொல்லாமலே அட்டையில் குறித்துக்கொள்வார்கள். அட்டையை யாரும் கேட்டதில்லை, யாரும் படித்ததில்லை.

"என் கையெழுத்து இல்லாத எடை ஒண்ணு இருக்கு சார்" என்றார்.

முதலுதவி அறையிலிருந்து அட்டைகளை எடுத்துவந்தவர் பண்ணையின் கால்நடை மருத்துவர். வேலைக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகாத பெண். எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். அன்று பிற்பகல் முழுவதும் அவர் ஒரு பக்கம் அட்டைகளையும் மறுபக்கம் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 2018 ஜனவரி, 68. 2019, 69. 2020, 70. 2021, 71. தூக்கி எடைபோட்ட கன்றுகளின் எண்களோடு அறுபத்திரண்டைக் கூட்டி, அந்தந்த ஆண்டின் உண்மையான எடையைக் கழித்து, புதுத் தாளில் எழுதிக்கொண்டே போனார். எடையாளர் எதிரில் நின்று எண்களைப் படித்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

மாலை ஐந்து மணிக்குத் தாளில் ஆறு கோடுகள் இருந்தன. ஆறும் மூன்று மாதம்வரை ஏறின. நான்காம் மாதம் தொடங்கியதும் ஆறும் படுத்துவிட்டன. பழைய பதிவில் அவை ஏறியதாகத் தெரிந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: எந்த மாதம் கன்றால் நடக்க முடியாமல் போயிற்றோ, அந்த மாதம்தான் எடையாளர் அதைத் தூக்கினார், அவருடைய மிகைச்சதை கன்றின் வளர்ச்சியாகப் பதிவாயிற்று.

"பால் ஊட்டுறதுல தப்பு நடந்தா, ஒரு கன்னு ஒரு மாசத்துல விழும், இன்னொண்ணு பத்து மாசத்துல விழும்" என்றார் டாக்டரம்மா மேலாளரிடம். "ஆறும் ஒரே வயசுல விழாது சார். இது ஊட்டுன கையில இல்ல, ரத்தத்துல இருக்கு."

பிறகு அவர் இனப்பெருக்கப் பேரேட்டைப் புரட்டினார். ஆறு கன்றுகளுக்கும் தந்தை காளை எண் 44. ஆறு தாய்களுக்கும் தந்தையோ பாட்டனோ காளை எண் 19. நாற்பத்து நான்கின் தந்தையும் அதே பத்தொன்பது. பால் நன்றாகக் கொடுக்கும் வம்சம் என்று பண்ணை ஆசையோடு வளர்த்த குடும்பம் அது. ஆசை சுற்றிச் சுற்றி ஒரே வீட்டுக்குள் வந்திருந்தது.

மேலாளர் உத்தரவைக் கிழிக்கவில்லை. கோப்பில் வைத்து, மேலே "முடிவு வரும்வரை நிறுத்தம்" என்று எழுதினார். எழுதியதை நம்பும் மனிதர் எழுதியே நிறுத்தினார்.

அடுத்த வாரம் எல்லா மாடுகளின் வாலிலிருந்தும் வேரோடு மயிர் பிடுங்கி, தனித்தனி உறையில் எண் எழுதி, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். ஐம்பத்தெட்டுப் பசுக்கள், இரண்டு காளைகள், ஒரு பொட்டு. வேர் இல்லாத மயிர் பயன்படாது என்பதால் எடையாளர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உறையில் போட்டார். இந்த முறை எதையும் இரண்டு முறை பார்த்தார்.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. டாக்டரம்மா கன்றுக்கொட்டகைக்கே வந்து, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து அதை விளக்கினார். உடம்பு சர்க்கரையைத் தசைக்குள் கிளைக்கோஜன் என்ற பண்டமாகச் சேர்த்து வைக்கும். அதை உடைக்க ஒரு நொதி வேண்டும். இந்தக் கன்றுகளுக்கு அந்த நொதி பிறப்பிலேயே இல்லை. களஞ்சியம் நிறைய இருக்கிறது, கதவுக்குச் சாவி இல்லை. சேர்ந்துகொண்டே போகும் சரக்கு கடைசியில் களஞ்சியத்தின் சுவரையே உடைத்துவிடுகிறது. தாயிடம் ஒரு பாதிக் குறை, தந்தையிடம் ஒரு பாதிக் குறை. அவை தனித்தனியே இருந்தால் எந்த மாட்டுக்கும் ஒன்றும் செய்யாது. இரண்டும் ஒரே கன்றில் சேர்ந்தால் இப்படி.

மனைவி பொட்டுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப நான் ஊட்டுன பால் அதுக்குப் போய்ச் சேரவே இல்லையா டாக்டரம்மா?"

"போய்ச் சேந்துச்சு" என்றார் டாக்டரம்மா. "அதால செலவழிக்கத்தான் முடியல. பசியோட சாகலம்மா எதுவும்."

அவள் தலையசைத்தாள். அன்று மாலையும் பொட்டுவை வலது பக்கமாகச் சாய்த்துப் புட்டி கொடுத்தாள். மருந்து இல்லாத நோய் என்று தெரிந்த பிறகு புட்டி கொடுக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். எடையாளர் கொட்டகை வாசலில் காத்திருந்தார்.

2021 ஏப்ரல் 27, செவ்வாய்க்கிழமை, காலை ஏழே காலுக்குப் பொட்டு அவள் மடியிலேயே இறந்தது. வயது ஆறு மாதம் பதினெட்டு நாள். இறந்த கன்றையும் நிறுக்க வேண்டும் என்பது பண்ணை விதி. எடையாளர் முதலில் தான் மட்டும் ஏறி நின்றார், பிறகு கன்றோடு ஏறினார். 40 கிலோ. பதிவேட்டில் அந்தப் பக்கத்தில் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கிறது. அவருடைய கையெழுத்தில் கோணிய பக்கம் அது ஒன்றுதான்.

மாற்றல் உத்தரவு ரத்தாயிற்று. ரத்துத் தாளை மேலாளர் தாமே கொண்டுவந்து கொடுத்தார். கன்றுகள் நன்றாக இருக்கின்றனவா என்று விசாரித்துவிட்டுப் போனார். பத்தாண்டுப் பதிவேட்டைத் திருத்தி எழுதும் வேலை எடையாளருக்குத் தண்டனையாகக் கொடுக்கப்பட்டது. அது தண்டனை என்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் நான்கு மாதம் ரசித்துச் செய்தார்.

ஐம்பத்தெட்டுப் பசுக்களில் பாதிக் குறையைச் சுமந்தவை பதினைந்து. அவற்றை விற்கவில்லை; குறையில்லாத காளையோடு மட்டும் சேர்த்தால் போதும் என்றார் டாக்டரம்மா. காளை 44 விலக்கப்பட்டது. அதன் கருவைச் சுமந்துகொண்டிருந்த பசுக்கள் அந்த ஆண்டுக் கடைசிவரை ஈன்றன. அதில் இன்னும் ஒரு கன்று தவறியது. அதையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். 2022இல் பிறந்தவை எல்லாவற்றுக்கும் தந்தை வேறு.

சுவருக்குத் திரும்ப வெள்ளையடித்தபோது பெயிண்டர் நான்காம் விதியில் எழுபத்தொன்று என்று எழுதட்டுமா என்று கேட்டார். எடையாளர் எண்ணுக்கான இடத்தைக் காலியாக விடச் சொல்லி, அங்கே ஓர் ஆணி அடித்துச் சிலேட்டு ஒன்றை மாட்டினார். மாதத்தின் முதல் சனிக்கிழமை, கன்றுகள் வருவதற்கு முன் அவர் ஏறுவார், மனைவி மூன்று எண்ணி எழுதுவாள். ஏறினால் அவளுக்குச் சிரிப்பு, இறங்கினால் கவலை. மைத்துனன் மட்டும் மாதா மாதம் பெயரை மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தான். மற்றவர்களுக்கு நாக்கு திரும்பவில்லை, அறுபத்திரண்டு அறுபத்திரண்டாகவே நிலைத்துவிட்டார்.

2023 ஜூன் 3, சனிக்கிழமை. முந்தைய ஆண்டில் பிறந்த கன்றுகளில் கடைசியானதற்கு ஐந்தாம் மாத எடை. காலையில் மழை பெய்து மேடை ஈரமாக இருந்தது. கன்று வேலியருகே நின்று, மேடையை மோந்து பார்த்து, முன்னங்காலால் ஒரு முறை தட்டிப் பார்த்தது. எடையாளர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மனைவி கயிற்றைத் தளர்த்தினாள். கன்று ஏறியது.

சிலேட்டில் அன்று எழுதியிருந்தது: எடையாளர் 73. 2022இல் பிறந்து ஐந்தாம் மாத எடை பார்த்த கன்றுகள் 31. தூக்கி ஏற்றியவை 0.